செஞ்சி இல்லாத வரைபடம்

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு மெஷின் பார்ப்பதா என்று சின்னப்பொண்ணு காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதில் தப்பில்லை. செஞ்சியில் மலை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, வெயில் வேண்டிய மட்டும் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனம் போய், பஸ் மாறி, மரக்காணம் போக வேண்டும்.

ஆனாலும் சிறுகடம்பூர் வீட்டு மொட்டை மாடிக்கு மூன்று மெஷின்கள் வந்து சேர்ந்துவிட்டன. மகன் எழிலன் புதுச்சேரிக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தவை. சாயந்திரத்துக்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மற்றவர்கள் தாவிப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சின்னப்பொண்ணுவின் மகள் தமிழினி, திண்டிவனம் காலேஜில் கூடப் படித்த சிவசங்கரைக் கட்டிக்கொண்டு மரக்காணத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனவள். சாதியைச் சொல்லி இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டார்கள். கல்யாணத்துக்குக் குப்பத்தில் பாதிப் பேர்தான் வந்தார்கள், வந்தவர்களிலும் பாதிப் பேர் கை நனைக்காமல் போனார்கள்.

போன மார்கழியில் ஒரு பனிமூட்டக் காலையில், கரை திரும்பிக்கொண்டிருந்த சிவசங்கரின் ஃபைபர் படகு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறைத் திட்டில் மோதியது. கூடப் போன செல்லப்பன் நீந்திக் கரையேறினார். சிவசங்கர் ஏறவில்லை. தமிழினி செஞ்சிக்கு வந்துவிட்டாள்.

படகு இப்போது அவள் பேரில் இருக்கிறது. உடைந்த இடத்தை ஒட்டிச் சரி பண்ணியாயிற்று. ஆவணி பிறந்ததும் கொழுந்தன் மாசிலாமணி அதைக் கடலில் இறக்கப் போகிறான். நல்ல மெஷின் மாட்டாமல் படகு மணலை விட்டு நகரக் கூடாது, அந்த மெஷினை நான்தான் பார்த்து எடுப்பேன் என்று தமிழினி சொல்லியிருந்தாள். படகு எங்கே நிற்கிறது, அடியில் எவ்வளவு ஆழம், எங்கே பாறை என்று திரையில் கடல் மேப் போட்டுக் காட்டும் ஜி.பி.எஸ். பிளாட்டர் அது. குப்பத்தில் எல்லோருக்கும் அது வெறும் மெஷின்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எழிலனின் சட்டைப் பையில் விரல் நகம் அளவுக்கு ஒரு கார்டு கிடந்தது. அதை எட்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தான். இன்றைக்குத் தங்கச்சியிடம் சொல்லிவிடுவது, அப்புறம் அவள் மூஞ்சியில் விழிக்க முடியாவிட்டாலும் சரி என்று முடிவு பண்ணித்தான் காலையில் அந்தச் சட்டையைப் போட்டிருந்தான்.

மாசிலாமணி வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அமாவாசை என்பதால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நசுங்கி வந்திருந்தான்.

"சாப்டியா தம்பி?" என்றாள் சின்னப்பொண்ணு.

"திண்டிவனத்துல சாப்டேன் அத்த."

"பொய் சொல்லாத. இட்லி இருக்குது, உக்காரு. கடலுக்கு மட்டும் போவாதன்னா நீங்க யாரு கேக்கறீங்க. இட்லியாவது துன்னுட்டு போ."

அந்த வீட்டில் மார்கழிக்குப் பிறகு மீன் வாங்குவதில்லை. கருவாட்டுக்காரி தெருவில் வந்தால்கூட சின்னப்பொண்ணு கதவைச் சாத்திக்கொள்வாள். அப்படிப்பட்டவள் கடல்காரப் பையனுக்குத் தட்டில் இட்லி வைத்து, சட்னி போதுமா என்று கேட்டாள். அவன் குனிந்து சாப்பிடுகிற சாயல் அண்ணனையே உரித்து வைத்தமாதிரி இருந்ததால் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மாடியில் எழிலன் பழைய யு.பி.எஸ். பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து மூன்று மெஷினுக்கும் ஒயர் இழுத்துவிட்டிருந்தான். கேமராக் கடை வைத்திருப்பவனுக்கு அதெல்லாம் கை வந்த வேலை. நிழலில் வைத்திருந்ததைத் தமிழினி ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்கு நேராக வைத்தாள்.

"ஏன்மா, ஹீட் ஆயிடும்."

"கடல்ல ஃபேன் போட்டு குந்தறாங்களா, நெழல்ல வச்சி பாக்க?"

தமிழினி படிக்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ம்மா, ஒரு பக்கெட்டு தண்ணி எடுத்தா. கல்லு உப்பு அள்ளி போட்டு எடுத்தா."

"உப்பா? எதுக்குடி?"

"எடுத்தாயேன்."

சின்னப்பொண்ணு கொண்டுவந்து வைத்தாள். தமிழினி முழங்கை வரைக்கும் கையை முக்கி எடுத்தாள். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட முதல் மெஷினைத் தொட்டாள். பெரிய திரை, எல்லாமே தொடுதிரை, பார்க்க டி.வி. மாதிரி பளபளப்பு. தொட்டதற்கு அசையவில்லை. மறுபடி தொட்டாள், வேறெதோ திறந்துகொண்டது. மூடப் பார்த்தாள், மூடவில்லை.

"எங்கண்ணன் பேண்ட்டுல கைய தொடச்சி தொடச்சி அமுக்கும்" என்றான் மாசிலாமணி. "பேண்ட்டும் ஈரமாத்தான் இருக்கும், இன்னா பண்றது."

சொன்ன பிறகுதான், சொன்னது யார் காதில் விழுகிறது என்று அவனுக்கு உறைத்தது. எழிலன் பேட்டரி ஒயரைச் சும்மாவே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

காரணம் இருக்கிறது. சிவசங்கரின் படகில் இருந்தது இதே கம்பெனியின் இதே தொடுதிரை மெஷின். அதைச் சீர்வரிசையாக வாங்கிக் கொடுத்தவன் எழிலன்.

அது அவனுடைய ரோஷம். கை நனைக்காமல் போனவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்ற வீம்பு. குப்பத்தில் எவன் படகிலும் இல்லாத அளவுக்குப் பெரிய திரையாகப் பார்த்து, கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் காய்ந்த விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து வாங்கினான். நிலத்துக்காரன் வேறெப்படி வாங்குவான். தட்டில் வைத்து, மேலே பூச்சரம் போட்டு, மாமன் மச்சான் எல்லாம் பார்க்கத் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

சிவசங்கரும் லேசுப்பட்டவன் இல்லை. பெண்டாட்டி வீட்டுச் சீரை மூலையில் போட்டு வைத்தால் ஊர் என்ன பேசும் என்று அவனுக்குத் தெரியும். பாறை இருக்கும் இடம், மீன் கிடைக்கும் இடம் என்று வருஷக்கணக்காகத் தன் குறிகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்த பழைய சின்ன மெஷினைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஊர் பார்க்க இதை மாட்டினான். குறிகளை மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம் என்றான். "வீடுன்னு ஒரு பாயிண்ட் போட்டுக்க மாப்ள, அதுவே நேரா கூட்டியாந்துடும்" என்று எழிலன் சொல்லிக் கொடுத்தான். நேராகத்தான் கூட்டி வந்தது. அன்றைக்கு வலை விட்ட இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், அந்த நேர்கோட்டில்தான் பாறை இருந்தது.

வெயில் காலமாக இருந்தால் சிவசங்கருக்கு மெஷினே வேண்டாம். கோயில் கோபுரமும் தண்ணீர் டேங்கும் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று பார்த்தே பாறையைச் சுற்றி வந்துவிடுவான். அன்றைக்குப் பனியில் கரையே தெரியவில்லை. "அவன் மெஷினையே பாத்துக்கினு இருந்தான்பா" என்று துக்கத்துக்கு வந்த செல்லப்பன் சொன்னது எழிலன் காதில் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"இது வேணாம்" என்று தமிழினி முதல் மெஷினை ஓரமாக வைத்தாள்.

இரண்டாவதில் பட்டன் இருந்தது, நன்றாக அமுங்கியது. ஆனால் வெயிலில் திரை செத்துக் கிடந்தது. கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கையால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருப்பவன் எந்தக் கையால் குடை பிடிப்பான் என்று கேட்டு அதையும் தள்ளினாள்.

மூன்றாவது குட்டையாக, கனமாக, அழகில்லாமல் இருந்தது. முதலாவதன் கம்பெனிதான், விலையில் தம்பி. பட்டன்கள் தடித்தடியாக இருந்தன. ஈரக் கையால் அமுக்கினாள், கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவி அமுக்கினாள், அதற்கும் கேட்டது. உச்சி வெயிலில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

"இதான்" என்றாள் தமிழினி. "நீ அமுக்கி பாரு மாசி."

சின்னப்பொண்ணுவும் எட்டிப் பார்த்தாள். திரையில் பாதி மஞ்சள், பாதி நீலம். மஞ்சளுக்கு நடுவில் ஒரு குட்டிப் படகு நின்றது.

"இந்த படகு இன்னாது?"

"அது நாமதான்மா. நாம நிக்கற எடம்."

"செஞ்சி எங்க? பேரு ஒண்ணும் காணோமே. கோட்டை கூடவா போடல?"

"அது கடலுக்கு செஞ்ச மேப்பு அத்த" என்றான் மாசிலாமணி. "கரையோட முடிஞ்சிடும். இந்தாண்ட இருக்கிற ஊருங்க அதுக்கு தேவையில்ல."

சின்னப்பொண்ணு அந்த வெறும் மஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப அந்த புள்ள வழி தெரியாம நின்னப்ப, நாம இருக்கற தெச கூட அதுல இல்ல" என்றாள். அவள் கீழே போய்விட்டாள்.

மாசிலாமணி மேப்பைக் கிழக்கே நகர்த்திக் கடலுக்குக் கொண்டுபோனான். நீலம் வந்தது. பெரிதாக்கினான், இன்னும் பெரிய நீலம். ஆழமும் இல்லை, பாறையும் இல்லை, ஒரு எண்கூட இல்லை.

"உள்ள ஒண்ணும் இல்லியே மாமா."

"கடல் மேப்பு தனி கார்டுல வரும்" என்றான் எழிலன். "போட்டாத்தான் தெரியும்."

"கடையில குடுப்பாங்களா?"

"ஸ்டாக் இல்லியாம். ஆர்டர் போட்டா வர ஒரு மாசம் ஆவும்."

"ஆவணிக்கு வராதே."

"வராது."

தமிழினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "கார்டு வர வரைக்கும் போட்டு நவுராது" என்றாள். "ஆவணி போனா பொரட்டாசி. அப்ப போவலாம்."

"அண்ணி, அம்மாவுக்கு மருந்து வாங்கவே..." என்று ஆரம்பித்த மாசிலாமணி நிறுத்திக்கொண்டான். படகு ஓடாத வீட்டு நிலைமையை அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழிலன் சட்டைப் பையில் கைவிட்டான். இதைவிட நல்ல நேரமும் வராது, கெட்ட நேரமும் வராது. கார்டை எடுத்துக் கைப்பிடிச் சுவரில், மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதுக்கு சேர்ற கார்டுதான்" என்றான்.

மாசிலாமணி முகம் மலர்ந்தது. "இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா மாமா."

தமிழினி முகம் மலரவில்லை. கூடப் பிறந்தவள், அவன் எதையோ மறைத்துப் பேசுவது அவளுக்குத் தெரியாதா. "எப்ப வாங்கன?" என்றாள்.

"அப்பவே ஆர்டர் போட்டன். மெஷின் குடுத்தப்பவே. கடைக்காரன் சொல்லித்தான் குடுத்தான், இதுல கடல் இருக்காது, கார்டு தனின்னு."

"எப்ப வந்துச்சுன்னு கேட்டன்."

"கார்த்திகையில."

கீழே தெருவில் அமாவாசைக்குப் போகிற வேன் ஒன்று ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. அது முனை திரும்புகிற வரைக்கும் மூன்று பேரும் நின்றபடி நின்றார்கள்.

"கார்த்திகையில வந்தத மார்கழி வரைக்கும் இன்னா பண்ண?"

"பொங்க வரிசையோட குடுக்கலாம்னு..." அவனுக்கு வாய் கோணியது. "கரும்பு, வெல்லம், புடவை எல்லாம் தட்டுல வச்சி, நடுவுல இத்த வச்சி எடுத்தாரலாம்னு இருந்தன். சும்மா பாக்கெட்ல போட்டுக்கினு வந்து குடுத்தா எவனுக்கு தெரியும். ஊரு பாக்க குடுக்கணும்னு இருந்துச்சி தமிழு. கடை டிராயர்லதான் இருந்துச்சி. மாப்ள செத்த அன்னிக்கும் டிராயர்லதான் இருந்துச்சி."

சொல்லிவிட்டான். சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்களே, அதெல்லாம் பேச்சுக்கு. அவனுக்கு ஒன்றும் இறங்கவில்லை. அவள் அடிப்பாள், மூஞ்சியில் காறித் துப்புவாள், நீ எனக்கு அண்ணனே இல்லை என்பாள் என்று எட்டு மாதமாக ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்து வைத்திருந்தான்.

"தெரியும்" என்றாள் தமிழினி.

"இன்னா தெரியும்?"

"கார்டு உங்கிட்ட இருந்தது தெரியாது. மெஷினுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு தெரியும். கொண்டாந்து மாட்டன அன்னிக்கே அவரு சொன்னாரு." அவள் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. "தமிழு, உங்கண்ணன் எனக்கு பெருசா ஒரு நீலத் தட்டு வாங்கியாந்து குடுத்திருக்காருடின்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சன்."

எழிலன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேக்கறன்னுதான் சொன்னன். போனகூட எடுத்தன். அவருதான் புடுங்கி வச்சிட்டாரு. கேக்காத, மச்சான் சங்கடப்படுவாரு, சீரு குடுத்தவர போய் கொறை கேக்கலாமா, அவரே பொங்கலுக்கு எடுத்தாருவாரு பாருன்னாரு."

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணன் சொல்கிற மாதிரியே இருந்தது அவனுக்கு.

"ண்ணா, ஒண்ணு கேக்கறன். நெஜத்த சொல்லு."

"கேளு."

"அன்னிக்கு நா போன் பண்ணி கேட்டிருந்தா, கார்டு வந்ததும் குடுத்திருப்பியா? இல்ல அப்பவும் பொங்க வரட்டும்னு வச்சிருப்பியா?"

இந்தக் கேள்வியை எழிலன் எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. வைத்திருப்பேன் என்று சொன்னால் பாவம் முழுசும் அவனோடு போய்விடும், அவள் தப்பித்துவிடுவாள். அந்த ஒரு பொய்யைச் சொல்ல அவன் வாயைத் திறந்தது நிஜம். ஆனால் அவள் சின்ன வயசில் ஜுரத்தில் படுத்திருக்கும்போது பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவனுக்குப் பொய் வரவில்லை.

"அன்னிக்கே பைக்ல எடுத்தாந்திருப்பன்" என்றான்.

தமிழினி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சுடுகிற தளம். அவளுக்குச் சூடு தெரியவில்லை. "அவ்ளோதான்" என்றாள். "ஒரு போனு. அவ்ளோதான் இருந்துச்சி." பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிணத்தை எடுக்கும்போதுகூட இப்படி அழவில்லை. எழிலன் பக்கத்தில் உட்கார்ந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு அவனும் அழுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதியாக ஒரே தப்பை எட்டு மாதம் ஒரே வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

மாசிலாமணிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அவர்களை விட இளையவன், இழவுக்குச் சொந்தக்காரன். அவன்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணி. மாமா. ஒண்ணு சொல்றன் கேளுங்க. எல்லா கல்லும் மேப்புல இருக்காது. எங்க பக்கத்துல எத்தினியோ கல்லு ஒரு மேப்புலயும் கெடையாது. கார்டு போட்டிருந்தாலும் அந்த கல்லு அதுல இருந்திருக்கணுமே. இல்லன்னா, நீங்க குடுத்திருந்தாலும் ஒண்ணுதான், குடுக்காட்டியும் ஒண்ணுதான்."

அழுகை சட்டென்று நின்றது. இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த கார்டைப் பார்த்தார்கள்.

பார்த்தால் தெரிந்துவிடும். கார்டில் அந்தப் பாறை இல்லாவிட்டால் சிவசங்கர் கடலில் செத்தான், எத்தனையோ பேர் சாகிற மாதிரி. இருந்துவிட்டால் ஒரு போனும் ஒரு டிராயரும் அவனைக் கொன்றன. மெஷினில் போட்டு இரண்டு பட்டன் அமுக்குகிற வேலைதான்.

"வேணாம்டா" என்றாள் படிக்கட்டிலிருந்து சின்னப்பொண்ணு. எப்போது ஏறி வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. "அந்த எழவ எடுத்து போட்டு பாத்தா போன உசுரு வரப்போவுதா. தூக்கி ஏரியில போடுங்க."

"ஏரியில போட்டா இவன் எத்த வச்சிக்கினு கடலுக்கு போவான்?" என்று தமிழினி எழுந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். கார்டை எடுத்து மாசிலாமணி உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடித்துவிட்டாள்.

"நீ போட்டு பாரு. உனக்கு தெரிஞ்சாவணும். எங்க எந்த கல்லு இருக்குதுன்னு நல்லா பாத்துக்க. ஆனா அந்த கல்லு இருக்குதா இல்லியான்னு எங்ககிட்ட சொல்லாத."

"அண்ணி..."

"சொல்லாத. என்னால ரெண்டையும் கேக்க முடியாது."

அவன் மெஷினை எடுத்துக்கொண்டு மாடியின் அந்தக் கோடிக்குப் போனான். ஒயர் எட்டவில்லை, எழிலன் பேட்டரியை நகர்த்திக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். அண்ணனும் தங்கையும் மலையைப் பார்த்து நின்றார்கள். ராஜகிரி மேல் யாரோ சுற்றுலாக்காரர்கள் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பட்டன் அமுங்கும் சத்தம் கேட்டது. கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

தமிழினிக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். எழிலன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவள் திரும்பவில்லை.

"இதையே எடுத்துக்கறன் அண்ணி" என்றான் மாசிலாமணி. திரும்பியபோது மெஷின் அணைந்திருந்தது. அவன் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "பட்டன் நல்லா இருக்குது. வெய்யில்லயும் தெரியுது."

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் சொல்லி மாளவில்லை. மலையனூர் பஸ் ஒவ்வொன்றும் கூரை வரைக்கும் ஆள். நல்ல வேளையாகத் திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாசிலாமணி மெஷின் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"போயி போன் பண்ணு" என்றாள் தமிழினி.

"வூட்டுக்கு போனதும் பண்றன் அண்ணி."

டிரைவர் ஏறினார். மாசிலாமணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எழிலன் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. பஸ் நகர்ந்தது, எழிலன் கூடவே நடந்தான், அப்புறமும் விடவில்லை.

"மாசி" என்று தமிழினியும் ஓட்டமும் நடையுமாகக் கூட வந்தாள். கேட்கக் கூடாது என்று தானே போட்ட கட்டளை. ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "நீ அந்த பக்கமா வரப்ப..."

"சுத்திதான் வருவன் அண்ணி" என்றான். "மெஷின் சொன்னாலும் சொல்லாட்டியும், சுத்திதான் வருவன்."

கை விட்டுப்போயிற்று. பஸ் திரும்பிவிட்டது.

அவன் எதற்காகக் கையை அப்படிப் பிடித்தான் என்று எழிலன் யோசித்தான். உன் மேல் தப்பில்லை என்று பிடிக்கலாம். தப்பிருந்தாலும் பரவாயில்லை என்றும் பிடிக்கலாம். பிடித்தவன் போய்விட்டான்.

மீதி இரண்டு மெஷினையும் புதுச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதை எடுக்க வீட்டுக்குத் திரும்பினார்கள். பைக்கை அவன் மெதுவாக ஓட்டினான். கூட்டத்தைத் தாண்டின பிறகுதான் பேசினான்.

"தமிழு, நா அப்ப பொய் சொல்லியிருக்கணும்."

"எப்ப?"

"நீ போன் பண்ணி கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டன், பொங்கலுக்குத்தான் குடுத்திருப்பன்னு சொல்லியிருக்கணும். உனக்கு பாரம் இல்லாம போயிருக்கும்."

பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவன் காதுக்கருகே குனிந்தாள்.

"சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டண்ணா" என்றாள். "நா கேட்டு நீ எத்த குடுக்காம இருந்த."

எழிலனுக்குக் கண் மறைத்தது. பைக்கை ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள். அவள் அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. மாசிலாமணி.

வீட்டுக்குப் போய்ப் பண்ணுகிறேன் என்றவன். வீடு எங்கே, திண்டிவனத்துக்குப் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டான். அந்தக் கல்லைப் பற்றித்தான் இருக்கும்.

தமிழினி போனை அண்ணனிடம் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"நா எடுக்கல" என்ற தமிழினி அடித்துக்கொண்டிருந்த போனை மறுபடி பார்த்தாள். "அன்னிக்கு போன் பண்ணாதவ நானு, இன்னிக்கும் எடுக்கலன்னா..." அவளால் முடிக்க முடியவில்லை. அழுதுகொண்டே பச்சைப் பொத்தானை இழுத்து, போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லு மாசி" என்றாள்.